ஒரு மாத விரதம், ஒரு வருடப் பழக்கம்

(கொல்கத்தா நியூ டவுனில், தமிழ்க் குடும்பங்களின் மாலை வகுப்பில் பேசியது)

 

அடுத்த வாரம் புரட்டாசி பிறக்கிறது. நம்மில் பலர் வீட்டைக் கழுவுவார்கள். மீன் சட்டியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். ஒரு மாதம் கறி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை.

போன வாரம் வகுப்பில் ஒரு அக்கா கேட்டார்: "இப்படி விரதம் இருப்பது உடம்புக்கு நல்லதா, கெட்டதா?" நல்ல கேள்வி. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நான் டாக்டர் இல்லை. பள்ளிப் படிப்பு மட்டும் படித்தவள். படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நீங்கள் சமையலில் அனுபவம் உள்ளவர்கள். உங்களுக்குத் தெரிந்ததை நீங்களும் சொல்லுங்கள்.

விரதம் இருப்பவர்கள் யார்?

2014-ல் மத்திய அரசு ஒரு கணக்கு எடுத்தது. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டார்கள். மேற்கு வங்காளத்தில் நூற்றுக்கு 98 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல். ஆக, புரட்டாசி விரதம் பெரும்பாலும் அசைவம் சாப்பிடுகிறவர்களின் விரதம். வருடத்தில் ஒரு மாதம் நாமே நிறுத்துகிறோம். பிறகு நாமே தொடங்குகிறோம்.

எத்தனை பேர் நிறுத்துகிறார்கள் என்பது கடைத்தெருவில் தெரியும். புரட்டாசியில் நம் ஊரில் கறிக்கடையில் கூட்டம் குறையும். கோழி விலை இறங்கும். நாமக்கல் முட்டை விலையும் இறங்கும்.

புரட்டாசி மட்டுமா? கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்கள் 41 நாள் விரதம் இருக்கிறார்கள். கிறிஸ்தவர்கள் தவக்காலத்தில் 40 நாள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் கறியை விடுகிறார்கள். ரம்ஜான் மாதத்தில் முஸ்லிம்கள் பகலில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. முறை வேறு, காரணம் வேறு. ஆனால் எல்லோரும் ஒன்றைக் காட்டுகிறார்கள். மனிதன் நினைத்தால் சாப்பாட்டுப் பழக்கத்தை மாற்ற முடியும்.

மாலை போட்ட பலர் அந்த 41 நாளும் சாராயத்தைத் தொடுவதில்லை. அந்த வீட்டில் அந்த நாட்களில் இருக்கும் நிம்மதி உங்களில் பலருக்குத் தெரியும். 41 நாள் முடிந்தது என்றால், 42-ஆம் நாளும் முடியும்தானே? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் இருக்கும் ஊர்

இப்போது நாம் இருப்பது மீன் சாப்பிடும் ஊர். "மாச்சே பாத்தே பாங்காலி" என்று இங்கே சொல்வார்கள். மீனும் சோறும் சேர்ந்தால் வங்காளி என்று அர்த்தம்.

நாம் குடியிருக்கும் நியூ டவுன் ஒரு காலத்தில் ராஜர்ஹாட் பகுதியின் வயலும் குளமும்தான். நகரத்தை அமைக்கும் ஹிட்கோ நிறுவனம் 1999-ல் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் இந்த மாடிக் கட்டிடங்கள் வந்தன. கொல்கத்தாவின் கிழக்குப் பக்கத்தில் இன்றும் பெரிய ஈரநிலம் இருக்கிறது. பரப்பு சுமார் 12,500 எக்டேர். நகரத்தின் கழிவு நீர் அங்கே போகிறது. வெயிலிலும் பாசியிலும் அது சுத்தமாகிறது. அந்தக் குளங்களில் மீன் வளர்க்கிறார்கள். பக்கத்து நிலத்தில் காய்கறி பயிரிடுகிறார்கள். 2002-ல் இந்த இடம் ராம்சார் என்ற உலகப் பட்டியலில் சேர்ந்தது.

நம் புரட்டாசியும் இவர்களின் துர்கா பூஜையும் பல வருடங்களில் ஒன்றாக வரும். மாளய அமாவாசை இரண்டு பேருக்கும் ஒரே நாள். நாம் அன்று முன்னோருக்குப் படைக்கிறோம். இவர்கள் அம்மன் வருகிறாள் என்று விடியற்காலையில் எழுகிறார்கள். அஷ்டமி அன்று பல வங்காளி வீடுகளில் சைவம். பூரி போல லூச்சி சுடுவார்கள். கடலைப் பருப்புக் கூட்டு வைப்பார்கள். மறுநாள் நவமி அன்று ஆட்டுக் கறி மணக்கும்!

பக்கத்து வீட்டு மாசிமா அன்புடன் கறிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டுவார். முகத்தைச் சுளிக்காதீர்கள். "ஆமி நிராமிஷ் காய்" என்று சொல்லுங்கள். "காய்" என்றால் இங்கே "சாப்பிடுகிறேன்" என்று பொருள். "நான் சைவம் சாப்பிடுகிறேன்" என்று சொன்னதாக ஆகும். அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

ஒரு வேடிக்கையும் கேளுங்கள். இங்கே நிராமிஷ் என்றால் வெங்காயம், பூண்டும் கூடாது. சில வீடுகளில் மைசூர்ப் பருப்பும் கூடாது. ஆனால் அம்மனுக்குப் பலி கொடுத்த ஆட்டை வெங்காயம் பூண்டு போடாமல் சமைத்தால், அதற்கு "நிராமிஷ் மாங்சோ" என்று பெயர். அதாவது சைவக் கறி! எது சைவம் என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. ஆகையால் சாப்பாட்டை வைத்து யாரையும் உயர்வு, தாழ்வு என்று பேச வேண்டாம்.

திணித்த விரதம்

இந்த ஊரில் நடந்த ஒரு கொடுமையையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் வங்காளத்தில் மேல்சாதி இந்துக் குடும்பங்களில் கணவன் இறந்தால், மனைவி மீன் சாப்பிடக் கூடாது. கறி கூடாது. வெங்காயம், பூண்டு கூடாது. ஏகாதசி அன்று ஒரு வாய்த் தண்ணீரும் கூடாது. பத்து வயதில் விதவையான சிறுமிக்கும் இதே கதி. சாகும் வரை இப்படித்தான். அவளை யாரும் கேட்கவில்லை. அவள் விரும்பவும் இல்லை.

அப்படி ஒதுக்கப்பட்ட பெண்கள் இருந்ததை வைத்துச் சமைத்தார்கள். வாழைப்பூ, வாழைத்தண்டு, கசகசா, காய்கறித் தோல் ஆகியவற்றில் கூட ருசியைக் கண்டுபிடித்தார்கள். இன்று வங்காளச் சைவச் சமையல் என்று புகழ்கிறார்களே, அதில் பெரும் பங்கு அந்த விதவைகளின் கைவண்ணம்.

அந்தப் பெண்களுக்காகப் போராடியவர் ஈஸ்வர சந்திர வித்யாசாகர். 1855-ல் அவர் "வர்ண பரிச்சய்" என்ற அரிச்சுவடியை எழுதினார். வங்காளக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக அதில்தான் எழுத்துப் படித்தார்கள். அடுத்த வருடம், 1856-ல், விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று சட்டம் வந்தது. அதற்காகக் கையெழுத்து வாங்கியவரும் அவரே. எழுத்தைக் கொடுத்தவரும், பெண்ணுக்கு நியாயம் கேட்டவரும் ஒரே மனிதர்.

இதில் நமக்கு என்ன பாடம்? தானாக ஏற்றுக்கொண்டால்தான் அது விரதம். மற்றவர் திணித்தால் அது தண்டனை. உங்கள் வீட்டில் மருமகளிடம் கேளுங்கள். "நீயும் இருக்கிறாயா அம்மா?" என்று கேளுங்கள். அவள் முடியாது என்றால் விட்டுவிடுங்கள்.

எடுத்த இடத்தில் என்ன வைக்கிறோம்?

இப்போது அக்காவின் கேள்விக்கு வருகிறேன். தட்டிலிருந்து மீனை எடுக்கிறோம். அந்த இடத்தில் என்ன வைக்கிறோம்? விரதம் நல்லதா கெட்டதா என்பது அதைப் பொறுத்தது.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு துண்டு மீன் 80 கிராம் என்று வையுங்கள். அதில் ஏறக்குறைய 15 கிராம் புரதம் இருக்கும். புரதம்தான் தசையை வளர்க்கிறது. புண்ணை ஆற்றுகிறது. மீனை நிறுத்திவிட்டு சாம்பார் வைக்கிறோம். நாலு பேருக்கு ஒரு கைப்பிடிப் பருப்பு போடுகிறோம். அது 50 கிராம் இருக்கும். ஆளுக்குப் பன்னிரண்டு கிராம் பருப்பு. அதில் புரதம் 3 கிராம்கூட இல்லை. 15 எங்கே, 3 எங்கே? ஒரு முட்டையில்கூட 6 கிராம் இருக்கிறது.

அப்படியானால் பருப்பை அதிகமாகப் போட வேண்டும். ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. அவர்கள் 2024-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு என்ன வேண்டும் என்று அதில் இருக்கிறது. அரிசி, கோதுமை போன்ற தானியம் 250 கிராம். பருப்பு, பயறு 85 கிராம். காய்கறியும் கீரையும் சேர்த்து 400 கிராம். எண்ணெய் 27 கிராம். அதாவது ஐந்தாறு சிறு கரண்டி.

85 கிராம் பருப்பு எல்லா வீட்டிலும் முடியாது. எனக்கும் தெரியும். முடிந்த அளவு கூட்டுங்கள். ஒரு கைப்பிடிக்குப் பதில் மூன்று கைப்பிடி போடுங்கள். சாம்பார் கெட்டியாகட்டும். காலையில் முளை கட்டிய பச்சைப்பயறு கொடுங்கள். மாலையில் கொண்டைக்கடலைச் சுண்டல் அல்லது ஒரு கைப்பிடி வேர்க்கடலை கொடுங்கள். இங்கே சாத்து மாவு விற்கிறார்கள். அது வறுத்த கடலை மாவு. பீகார்த் தொழிலாளிகள் அதைத் தண்ணீரில் கரைத்து, உப்பும் எலுமிச்சையும் சேர்த்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். விலை குறைவு, பலம் அதிகம்.

சோறும் பருப்பும் சேர்ந்தால் இன்னும் நல்லது. சோற்றில் குறைவாக உள்ளது பருப்பில் இருக்கிறது. பருப்பில் குறைவாக உள்ளது சோற்றில் இருக்கிறது. நம் வெண்பொங்கலும் இட்லியும், இவர்களின் கிச்சடியும் அந்தச் சேர்க்கைதான்.

இரத்தம் குறையாமல் இருக்க

அடுத்தது இரும்புச் சத்து. இது பெண்கள் கட்டாயம் கேட்க வேண்டிய விஷயம். 2019 முதல் 2021 வரை தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தது. 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். மேற்கு வங்காளத்தில் நூற்றுக்கு 71 பேருக்கு இரத்த சோகை. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேருக்கு. இந்த அறையில் இருக்கும் பெண்களில் பாதிப் பேருக்கு இருக்கலாம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? எப்போதும் அசதியா? அரசு மருத்துவமனையில் இரத்தம் சோதித்துப் பாருங்கள். பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். கர்ப்பிணிக்கு 11 இருக்க வேண்டும்.

கறியில் உள்ள இரும்பு உடம்பில் சீக்கிரம் சேரும். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு மெதுவாகத்தான் சேரும். அதற்குத் துணை வேண்டும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா, தக்காளி ஆகியவை துணை. கீரையோடு எலுமிச்சை பிழியுங்கள். சாப்பிட்ட உடனே டீ குடிக்காதீர்கள். டீ இரும்பைச் சேர விடாது. ஒரு மணி நேரம் போகட்டும். பயறை முளை கட்டினால் இரும்பு நன்றாகச் சேரும்.

இன்னொன்று. வீட்டில் யார் கடைசியில் சாப்பிடுகிறார்? கூட்டு தீர்ந்து போனால், ரசமும் ஊறுகாயும் வைத்து யார் சாப்பிடுகிறார்? சமைத்தவள்தான். விரத மாதத்தில் இது இன்னும் மோசம். எல்லோருக்கும் படையல் சமைக்க விடியற்காலையில் எழுகிறாள். கடைசியில் வெறும் சோறு சாப்பிடுகிறாள். இந்தப் புரட்டாசியில் ஒரு புது வழக்கம் தொடங்குவோம். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். பருப்பையும் கீரையையும் முதலிலேயே சமமாகப் பங்கு வைப்போம். அண்ணன்மார்களே, காய் நறுக்க உங்கள் கைக்கும் தெரியும்!

ஏமாற்றும் சைவம்

சைவம் என்றாலே உடம்புக்கு நல்லது என்று நினைக்கிறோம். உருளைக்கிழங்கு வறுவல் சைவம். அப்பளம் சைவம். பஜ்ஜி சைவம். இந்தத் தெருவில் விற்கும் தேலேபாஜாவும் பேகுனியும் சைவம். ரசகுல்லாவும் சைவம். தினமும் இவற்றையே சாப்பிட்டால் எடை கூடும். சர்க்கரை கூடும். இரத்தக் கொதிப்பு கூடும். ஒரு நாளைக்கு ஆளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு சிறு கரண்டி. ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்தால் அந்த அளவு தாண்டிவிடும்.

சந்தைக்குப் போவோம்

"நம் ஊர்க் காய் இங்கே கிடைக்கவில்லை" என்று பலர் சொல்கிறார்கள். கிடைக்கிறது. பெயர்தான் வேறு. எழுதிக்கொள்ளுங்கள்.

முருங்கைக்காய்: சோஜ்னே டாட்டா.
வாழைப்பூ: மோச்சா.
வாழைத்தண்டு: தோர்.
சுரைக்காய்: லாவு.
பரங்கிக்காய்: கும்ரோ.
வெண்டைக்காய்: டேரோஷ்.
சிவப்புத் தண்டுக்கீரை: லால் ஷாக்.
கொடிப் பசலை: பூயி ஷாக்.

ஷாக் என்றால் கீரை. காய்க்காரரிடம் "ஷாக்" என்று கேட்டால் ஏழெட்டு வகை எடுத்துக் காட்டுவார். பங்குனி, சித்திரையில் பலாப் பிஞ்சு வரும். அதை இவர்கள் "மரத்து ஆடு" என்று சொல்வார்கள். மசாலா போட்டுச் சமைத்தால் கறி போலவே இருக்கும். சாப்பாட்டின் தொடக்கத்தில் பாகற்காய் சேர்த்து சுக்தோ என்று ஒரு கூட்டு வைப்பார்கள். கசப்பு முதலில், இனிப்பு கடைசியில். மாசிமாவிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். அவருக்கு நம் சாம்பாரைக் கற்றுக்கொடுங்கள். கீரை, காய் எதையும் நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவிவிட்டுச் சமையுங்கள்.

யார் இருக்க வேண்டாம்?

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் விரதம் இருக்க வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு விரதம் தேவை இல்லை. அங்கன்வாடியில் முட்டை கொடுத்தால் சாப்பிடட்டும். அதை நிறுத்தாதீர்கள்.

சர்க்கரை வியாதிக்கு மாத்திரை அல்லது ஊசி போடுகிறவர்கள் சனிக்கிழமை ஒருவேளை மட்டும் சாப்பிடுவது ஆபத்து. சர்க்கரை திடீரென்று இறங்கும். வியர்க்கும். கை நடுங்கும். மயக்கம் வரும். அப்படி வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். சைவம் சாப்பிடுங்கள், ஆனால் வேளை தவறாமல் சாப்பிடுங்கள்.

சிலர் பாலையும் தயிரையும்கூட விடுகிறார்கள். பி-12 என்று ஒரு சத்து இருக்கிறது. அது பயறிலும் காயிலும் இல்லை. மீன், முட்டை, பாலில் இருக்கிறது. உடம்பு அதைச் சேமித்து வைக்கும். ஆகையால் நல்ல உடம்புக்கு ஒரு மாதத்தில் கெடுதல் வராது. வருடக்கணக்கில் விடுவதாக இருந்தால் டாக்டரைக் கேளுங்கள்.

மாதம் முடிந்த பிறகு

ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கும்? கறிக்கடையில் வரிசை நிற்கும். ஒரு மாதம் சாப்பிடாததை எல்லாம் ஒரே நாளில் சாப்பிடுவோம். வயிறு கெடும். விரதத்தில் கற்ற கீரையும் சுண்டலும் அன்றோடு மறந்து போகும்.

கறியும் மீனும் சாப்பிடுங்கள். அவை நல்ல உணவுதான். ஆனால் விரத மாதத்திலிருந்து மூன்று பழக்கத்தை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாரம் மூன்று நாள் கீரை. தினமும் கெட்டிப் பருப்பு அல்லது சுண்டல். எல்லோருக்கும் சமமான பங்கு. இந்த மூன்றும் வருடம் முழுவதும் நின்றால், ஒரு மாத விரதத்துக்குப் பலன் கிடைத்தது.

நாம் இப்போது எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். ஆகையால் ஒரு வேலை தருகிறேன். ஒரு நோட்டு எடுங்கள். நாலு கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் தேதி. இரண்டாவதில் என்ன சமைத்தோம். மூன்றாவதில் எவ்வளவு பருப்பு. நாலாவதில் கடைசியில் சாப்பிட்டது யார், அவருக்குக் கூட்டு மிஞ்சியதா. தினமும் இரவில் ஒரு வரி எழுதுங்கள். மாதக் கடைசியில் எல்லோரும் நோட்டைக் கொண்டு வாருங்கள். சேர்ந்து படிப்போம். நம் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி நாமே எழுதிய புத்தகம் அது.

 

கலந்து பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் விரதம் இருக்க முடிவு செய்வது யார்?
2. மீன், கறியை நிறுத்தும் நாட்களில் அதற்குப் பதில் என்ன சமைக்கிறீர்கள்?
3. நாலு பேருக்கு மூன்று கைப்பிடிப் பருப்பு போட்டால் ஆளுக்கு எத்தனை கிராம் வரும்? கணக்குப் போடுங்கள். (ஒரு கைப்பிடி 50 கிராம்)
4. கீரை சாப்பிட்ட உடனே டீ குடிக்கக் கூடாது. ஏன்?